143 பேருடைய பாஸ்வேர்டு என் நோட்டில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

#1 கடைசிலயம் (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். பல வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது எழுத வேண்டிய நிலை.

சுங்கை சிப்புட் பட்டணத்தில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். அதே கடை 2001 முதல் 2012 வரை சைபர் கபே. பத்துக் கணினி, ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வெள்ளி, பள்ளி விட்டதும் கவுண்டர் ஸ்டிரைக் பையன்களின் கூச்சல். பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது, கணினிகளை விற்றுவிட்டுப் பிரதி எடுக்கும் இயந்திரம் வாங்கினேன்.

சென்ற மாதம் ஈப்போவில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் வார்டில் படுத்திருக்கும்போது போன். எங்கள் பழைய தோட்டத்து அத்தை ஒருவர். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு, கொஞ்சம் அழுது, அழுகை அடங்கியதும் கேட்டார்: “ஐயா, என் இபிஎஃப் பாஸ்வேர்டு என்னாப்பா? நீதானே எழுதி வச்சிருக்க?”

ஆமாம், நான்தான் எழுதி வைத்திருக்கிறேன். நீல அட்டை போட்ட தடி நோட்டு. முதல் பக்கங்களில் யாஹூ மின்னஞ்சல்கள், வேலைக்கு விண்ணப்பிக்கத் திறந்து கொடுத்தவை. இரண்டு ஃபிரெண்ட்ஸ்டர் கணக்குகூட இருக்கிறது. அப்புறம் இபிஎஃப் சேமநிதி, 2021ல் தடுப்பூசிக்காக மைசெஜாத்ரா செயலி, 2024 தொடக்கத்தில் ‘பாடு’ என்ற அரசாங்கத் தகவல் தளத்தில் பதிவு, உதவித்தொகை மனுக்கள். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். 143 பேர். அதில் 19 பேர் காலமாகிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டுவதானால் இப்போதே திட்டிவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே வாய்பாடு. தோட்டத்துக் கோயில் சாமி பெயர், அதோடு ஐசியின் (அடையாள அட்டை) கடைசி நான்கு எண். பாஸ்வேர்டைப் பார்த்தாலே யார் எந்தத் தோட்டம் என்று சொல்லிவிடலாம். மீட்பு எண் (பாஸ்வேர்டு மறந்தால் எஸ்எம்எஸ் வரும் எண்) கேட்ட இடத்திலெல்லாம் என் எண்ணைக் கொடுத்தேன், ஏனென்றால் பாதிப் பேரிடம் அப்போது போனே கிடையாது.

படுக்கையில் கிடந்து யோசித்தேன். அன்றைக்கு நான் போய்ச் சேர்ந்திருந்தால் இந்த நோட்டு யார் கைக்குப் போகும்? மகன் ஜொகூரில் இருக்கிறான், அவனுக்கு இப்படி ஒரு நோட்டு இருப்பதே தெரியாது. எரித்துவிடலாமா? அல்லது எங்காவது பூட்டி வைப்பதா?


#2 பூஜ்யம்ஒன்று (சைபர்ஜெயா)

அண்ணே, முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டு இருபது வருடம் காத்திருந்தது, இன்னும் இரண்டு வாரம் காத்திருக்கும்.

எரிக்க வேண்டாம். எரித்தால் 143 பேரும் ஒரே நாளில் வெளியே நிற்பார்கள். நோட்டில் எழுதியது தப்பில்லை. பாஸ்வேர்டைச் சின்னத் தாளில் எழுதி பர்சில் வைத்துக்கொள்ளுங்கள் என்று புரூஸ் ஷ்னையர் 2005லேயே சொன்னார், இந்தத் துறையில் பெரிய ஆள் அவர். ரஷ்யாவில் உட்கார்ந்திருப்பவன் உங்கள் மேசை டிராயரைத் திறக்க முடியாது. தப்பு எங்கே என்றால் மூன்று இடத்தில்: ஒரே வாய்பாடு, ஒரே நோட்டில் எல்லாரும், ஒரே மீட்பு எண்.

ஐசி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பேராக் என்றால் 08), கடைசி எண் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டையானால் பெண். மீதி இருப்பது மூன்று எண்தான். அந்த மூன்றையும் நாம் கிளினிக்கில், காவல் சாவடியில், அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டில் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். 2017ல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் வெளியே போனதே, அப்போதைய நம் மக்கள்தொகையைவிட அதிகம். நிறையப் பதிவுகளில் ஐசி எண்ணும் முகவரியும் சேர்ந்தே இருந்தன. ஐசி எண் ரகசியம் இல்லை அண்ணே. அது பெயர் மாதிரி.

ஒரு கேள்வி: அந்த மீட்பு எண் இப்போதும் உங்கள் கையில்தானே இருக்கிறது?


#3 கித்தாமரம் (தாப்பா)

நான் தோட்டத்து ஆபீசில் கிராணியாக (எழுத்தர்) இருந்து ஓய்வு பெற்றவன். வயது 74. இதை விரலால் தடவித் தடவி எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1988 வாக்கில் எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆபீசில் அதுவரை யாருக்கும் ஏர்கான் கிடையாது, துரை (மேனேஜர்) அறையில்கூட மேலே சுற்றுகிற காற்றாடிதான். கம்ப்யூட்டருக்கு மட்டும் கண்ணாடி அறை கட்டி ஏர்கான் போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். பால் வெட்டிவிட்டு வந்த பெண்கள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்ப்பார்கள், உள்ளே ஏதோ சாமி இருக்கிற மாதிரி.

செக்ரோல் (ஆட்களின் வேலைநாள், சம்பளப் பதிவேடு) முழுவதும் லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருளுக்கு மாறியது. ஐந்தேகால் அங்குல டிஸ்க், ஒன்றில் 360 கேபி. ஒரு டிவிஷன் ஆட்களின் ஆறு மாதக் கணக்கு அதில் அடங்கிவிடும். சம்பளப் பணம் இருக்கும் இரும்புப் பெட்டியிலேயே டிஸ்கையும் வைத்துப் பூட்டுவோம். பெட்டிக்கு இரண்டு சாவி, ஒன்று துரையிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

இப்போது எல்லாம் ‘கிளவுட்’ என்கிறீர்கள். தம்பி, நோட்டை விடாதே. நோட்டுக்குச் சாவி போடு.


#4 பூஜ்யம்ஒன்று

கித்தாமரம் எழுதியது: “இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.”

கிராணி ஐயா, நாங்கள் இன்றைக்கு இருபடிச் சரிபார்ப்பு என்று சொல்வதை 1988லேயே செய்திருக்கிறீர்கள்!


#5 கித்தாமரம்

அது பாதுகாப்புக்கு இல்லை தம்பி. என்னை நம்பாததால்.


#6 இரவு_ஷிப்ட் (சுங்கை பட்டாணி)

ஐயா 😂😂 இன்னிக்கு ஷிப்ட் முழுக்க இதை நினைத்துச் சிரிப்பேன்.


#7 சிங்கைமருமகள்

கடைசிலயம் அண்ணா, நோட்டைக் கண்டிப்பாக எரிக்காதீர்கள். எங்கள் அம்மா உங்கள் பக்கம்தான், எந்தத் தோட்டம் என்று இங்கே சொல்லவில்லை. அவருக்கும் எல்லாம் செய்து கொடுத்தது பட்டணத்தில் “போட்டோஸ்டேட் தம்பி” என்றுதான் சொல்வார். அது நீங்களாகவே இருக்கலாம்.

நான் இங்கிருந்து வாரா வாரம் வீடியோவில் கூப்பிட்டு, “அம்மா, யார் கேட்டாலும் கொடுக்காதே” என்கிறேன். “சரி சரி” என்பார். சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் கல்யாணப் பத்திரிகை என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு ஃபைல் வந்தது, பெயரின் கடைசியில் ஏபிகே, அதாவது போனில் செயலியை நிறுவும் ஃபைல். அனுப்பியது சொந்தத் தாய்மாமன் எண்ணிலிருந்து. அவர் போனைத்தான் முதலில் பிடித்திருக்கிறார்கள். அம்மா என்ன செய்வார், தம்பி வீட்டுக் கல்யாணம் என்று தட்டிவிட்டார். “இதை நிறுவட்டுமா” என்று போன் கேட்டதற்கு ஆமாம், “எஸ்எம்எஸ் படிக்கலாமா” என்றதற்கும் ஆமாம். பத்திரிகையில் எந்த மண்டபம் என்று போட்டிருக்கும், பார்க்கணும் இல்லையா.

போனது 3,800 வெள்ளி. ரப்பர் வெட்டிச் சேர்த்த காசு.

எனக்குக் கோபம் திருடன் மேல் மட்டுமில்லை. பல வருடமாக நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது “தெரியாத ஆளை நம்பாதே” என்று. வந்தது தெரிந்த ஆள் பெயரில்.


#8 டீச்சர்_பீடோர்

மருமகள் எழுதியதைப் படித்ததும் 2000ஆம் வருடம் மே மாதம் நினைவுக்கு வந்தது. ‘ஐ லவ் யூ’ என்று தலைப்புப் போட்ட மின்னஞ்சல் உலகம் முழுக்கப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? பிலிப்பீன்ஸிலிருந்து கிளம்பியது. ஃபைல் பெயரின் கடைசியில் விபிஎஸ் என்று இருக்கும், அதாவது திறந்தால் ஓடும் நிரல், ஆனால் விண்டோஸ் அந்த வாலை மறைத்து டிஎக்ஸ்டி வரைக்கும்தான் காட்டும். பார்ப்பவருக்கு வெறும் கடிதம். திறந்தவுடன் உங்கள் முகவரிப் புத்தகத்தில் இருக்கும் எல்லாருக்கும் உங்கள் பெயரிலேயே போகும். எனக்கு வந்தது எங்கள் தலைமையாசிரியரிடமிருந்து. ஐம்பது தாண்டியவர், விபூதிப் பட்டை, சனிக்கிழமை விரதம். திறக்காமல் இருக்க முடியுமா சொல்லுங்கள்!

அன்று காதல் கடிதம், இன்று கல்யாணப் பத்திரிகை. அந்தக் காதல் கல்யாணத்தில் முடிய இருபது வருடம் ஆகியிருக்கிறது.

அதற்கு முன்பே ஒரு தடவை சூடு பட்டவள் நான். 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. செர்னோபில் விபத்து நடந்த அதே தேதியில் வெடிக்கிற மாதிரி தைவான் மாணவர் ஒருவர் எழுதிய வைரஸ். கணினியைத் திறந்தேன், கருப்புத் திரை. ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்து, போர்டில் கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் சிப்பையும் கெடுக்கும் அது. ஆறாம் வகுப்பு யூபிஎஸ்ஆர் தேர்வுப் பயிற்சித் தாள்கள், மூன்று வருட உழைப்பு, எல்லாம் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டியவை. ஒரு தாள்கூட அச்சில் எடுத்து வைக்கவில்லை. அன்றிலிருந்து எதையும் இரண்டு இடத்தில் வைக்காமல் தூங்குவதில்லை.

முரசு அஞ்சல் என்றதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நம் நாட்டு முத்து நெடுமாறன் செய்தது என்பதில் அப்போது எங்களுக்குத் தனிப் பெருமை. 1515க்கு டயல் செய்து, அந்தக் கீச்சுச் சத்தம் முடிந்து இணையம் வந்ததும் தமிழ் மடற்குழுக்களில் ஒரு கடிதம் போடுவேன். எதிர்முனையில் அதே எழுத்துரு இல்லாவிட்டால் அவருக்குக் கோழி கிளறின மாதிரி தெரியும். “டீச்சர், திஸ்கியில் அனுப்புங்கள்” என்று பதில் வரும், திஸ்கி என்பது அப்போதைய பொதுவான தமிழ் எழுத்துக் குறியாக்கம். 2001ல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோதும் பேச்சு முழுக்க இதைப் பற்றித்தான். யூனிகோடு பரவிய பிறகு அந்தத் தலைவலி போயிற்று. இப்போது என் மாணவர்களுக்கு ‘எழுத்துரு இல்லை’ என்றால் என்னவென்றே புரிவதில்லை.

என் மாமியார் மட்டும் நடுவில் போனை எடுத்துவிட்டு “யாரோ உள்ளே கத்துறாங்கம்மா” என்று பயந்து வைத்துவிடுவார். கனெக்‌ஷன் போய்விடும்.


#9 இரவு_ஷிப்ட்

டீச்சர், தலைமையாசிரியருக்கு என்ன பதில் போட்டீர்கள்?


#10 டீச்சர்_பீடோர்

பதில் என் பெயரில் 60 பேருக்குப் போனது தம்பி, நான் எழுதாமலேயே.


#11 கடைசிலயம்

எல்லாருக்கும் நன்றி. பூஜ்யம்ஒன்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு நாள் தள்ளிப் போட்டேன்.

அந்த எண் என்னிடம் இல்லை.

அது பழைய பிரீபெய்டு. 2016ல் வேறு எண்ணுக்கு மாறினேன். பழைய சிம்மைக் கடை டிராயரில் போட்டேன், ரீலோட் செய்ய மறந்தேன், காலாவதி ஆகிவிட்டது. நேற்றிரவு அந்த எண்ணை அழைத்துப் பார்த்தேன். ஒரு மலாய்க்காரப் பெண் எடுத்தார், பின்னால் குழந்தை அழுகிறது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, எஸ்எம்எஸ் ஏதாவது தப்பாக வருகிறதா என்று கேட்டேன். “நிறைய வரும் பாங் (அண்ணே), யாருக்கோ சரிபார்ப்புக் கோடு எண் வரும், நான் அழித்துவிடுவேன்” என்றார்.

அழித்துவிடுவேன் என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழலாம். வேறு ஒருவன் கையில் அந்த எண் போயிருந்தால்? நோட்டில் அந்த எண் போட்டது 61 கணக்கு.


#12 பூஜ்யம்ஒன்று

அண்ணே, அப்படியானால் நோட்டு அப்புறம், எண்தான் முதல். இன்றைக்கே ஆரம்பியுங்கள். 61ல் உயிரோடு இருப்பவர்கள், அதிலும் பணம் சம்பந்தப்பட்டவை முன்னால். பழைய யாஹூ பற்றி அதிகம் கவலை வேண்டாம், ஒரு வருடம் திறக்காத கணக்கை அவர்களே மூடிவிடுவார்கள். ஆனால் அந்த மின்னஞ்சலை வேறு எதற்காவது மீட்பு முகவரியாகக் கொடுத்திருந்தால் அதை மாற்றுங்கள்.

ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு எஸ்எம்எஸ் கோடுக்குப் பதில் ஆத்தென்டிகேட்டர் செயலி போடலாம். முதல் தடவை சேர்க்கும்போது ஒரு ரகசிய எண் போனுக்குள் போய் உட்காரும். அதையும் அப்போதைய நேரத்தையும் வைத்துப் போனே கணக்குப் போட்டு 30 வினாடிக்கு ஒருமுறை ஆறு இலக்கம் காட்டும். இணையம் தேவையில்லை, செம்பனைக் காட்டுக்கு நடுவில் லைன் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். சிம் யார் கைக்குப் போனாலும் கோடு போகாது.

பாஸ்வேர்டு மேலாளர் செயலி நல்லது, நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் 70 வயது அத்தைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், என் அப்பாவிடம் நானே தோற்றுவிட்டேன்.


#13 கவுண்டர்_எண்5

பேங்கில் 22 வருடம் கவுண்டரில் இருந்தேன், எந்தப் பேங்க் என்பது வேண்டாம்.

மருமகளுக்கு: பணம் போன உடனே 997ஐ அழைத்தீர்களா? தேசிய மோசடி எதிர்ப்பு மையம், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. போலீஸ், பேங்குகள், தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் ஒரே இடத்தில். அழைக்கும் நேரம்தான் எல்லாம். திருடன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து இன்னும் நான்குக்கு என்று தள்ளிக்கொண்டே போவான். நடுவில் எங்காவது நிறுத்தினால் கிடைக்கும். “நாளைக்கு மகன் வந்ததும் போய்க் கேட்போம்” என்றால் முடிந்தது. எங்கள் ஆட்களிடம் இருக்கும் கெட்ட பழக்கம் இதுதான், வெட்கம். ஏமாந்தது வெளியே தெரியக் கூடாது என்று மூன்று நாள் மறைப்பார்கள்.

யாருக்காவது பணம் போடுவதற்கு முன் போலீசின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். காட்டாவிட்டால் ஆள் யோக்கியன் என்று அர்த்தமில்லை, இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. நம் பையன்கள் “கணக்கை மட்டும் வாடகைக்குக் கொடு, மாதம் 500” என்று யாராவது சொன்னால் ஏடிஎம் கார்டையும் பின் எண்ணையும் தூக்கிக் கொடுக்கிறார்கள். கடைசியில் போலீஸ் வருவது அவன் வீட்டுக்கு. தோட்டத்துப் பிள்ளைகள் இதில் சிக்கியதை நானே பார்த்திருக்கிறேன். அந்த அம்மாக்கள் கவுண்டரில் வந்து நிற்பதைப் பார்க்க முடியாது.


#14 சிங்கைமருமகள்

கவுண்டர் அண்ணா, மூன்று நாள் இல்லை, ஐந்து நாள் மறைத்தார். நான் பணம் அனுப்பியபோதுதான் தெரிந்தது. திரும்பக் கிடைக்கவில்லை.


#15 கித்தாமரம்

கோடு, செயலி, மேலாளர் என்று நிறையச் சொல்கிறீர்கள். எனக்குக் கம்ப்யூட்டர் புதிதில்லை. 1992ல் மைக்கலேஞ்சலோ வைரஸ் மார்ச் 6ஆம் தேதி எழும்பும் என்று பத்திரிகையில் போட்டார்கள். தலைமை ஆபீசிலிருந்து என்ன செய்வது என்று தந்தி மாதிரி ஓர் உத்தரவு, யாருக்கும் புரியவில்லை. 5ஆம் தேதி சாயங்காலம் நான் கம்ப்யூட்டரின் தேதியை 7 என்று மாற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். எங்கள் தோட்டத்தில் அந்த வருடம் மார்ச் 6 வரவேயில்லை. வைரஸும் எழும்பவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். என் பேத்தி வேலை செய்யும் இடத்தில் 90 நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றச் சொல்கிறார்களாம். அவள் கடைசியில் 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே போகிறாள், இப்போது 14ல் இருக்கிறாள். இதில் என்ன பாதுகாப்பு? படித்தவர்கள் சொல்லட்டும்.


#16 பூஜ்யம்ஒன்று

ஐயா, உங்கள் பேத்தி பக்கம்தான் நியாயம். அந்த விதியும் பெரிய எழுத்து, எண், குறியீடு கட்டாயம் என்பதும் பரவியது அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட் 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஓர் ஆவணத்தால். எழுதியவர் பில் பர். 2017ல் அவரே அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் சொல்லிவிட்டார். அதே வருடம் நிஸ்ட் விதியைத் திருத்தியது: காரணம் இல்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம், கசிந்தது தெரிந்தால் மாற்று, நீளம்தான் முக்கியம். நம் ஆபீஸ்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் ஆபீசையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மார்ச் 6 கதை அற்புதம். அன்றைய சம்பளம் என்ன ஆனது?


#17 கித்தாமரம்

சம்பளத் தேதி 7. ஒரு நாள் முன்னாடியே வந்துவிட்டது என்று ஆட்கள் கேட்டார்கள். கம்ப்யூட்டருக்குத்தான் 7, உங்களுக்கு இல்லை என்றேன்.


#18 டீச்சர்_பீடோர்

நீளம்தான் முக்கியம் என்றால் தமிழில் நமக்கு வார்த்தைக்கா பஞ்சம்? சம்பந்தமே இல்லாத நான்கு வார்த்தை எடுங்கள். முருங்கை, டயர், வெள்ளிக்கிழமை, கொசு, இந்த மாதிரி. (இதையே யாரும் வைத்துவிடாதீர்கள்.) அகராதியைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்த இடத்தில் எடுத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நம் மனதில் தோன்றுவது எல்லாருக்கும் தோன்றும். திருக்குறள் வேண்டாம். பள்ளிக்கூடக் கணினிகளைத் திறக்க எனக்கு ‘அகரமுதல’ போதும், பத்தில் நான்கு திறந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில் தட்டும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. ‘முருங்கை’யின் கடைசியில் ஏ-ஐ போடுவதா, இ-ஐ போடுவதா? கத்தரிக்காய்க்கு டி ஒன்றா, டி-எச்சா, இரண்டு தடவையா? இன்றைக்கு ஒரு விதமாக வைத்துவிட்டு நாளைக்கு வேறு மாதிரி தட்டி, மூன்று தடவை தப்பி, கணக்கு பூட்டிக்கொள்ளும். தாளில் எழுதும்போது தமிழில் எழுதாதீர்கள், தட்டும் எழுத்திலேயே எழுதுங்கள். இது நான் பட்ட பாடு.


#19 கடைசிலயம்

இன்று காலை கடையைத் திறந்து உட்கார்ந்தபோது வேறு ஒன்று உறைத்தது. நோட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், கண் முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை.

கடைச் சுவரில் நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘பிரிண்ட் எடுக்க இந்த எண்ணுக்குப் புலனத்தில் அனுப்பவும்’. மூன்று வருடமாக ஊரே அனுப்பியிருக்கிறது. ஐசி முன்பக்கம், பின்பக்கம், பிறப்புச் சூரா (சான்றிதழ்), சம்பளச் சீட்டு, பேங்க் புத்தகம், மருத்துவமனை ரிப்போர்ட். ஒருவருடைய விவாகரத்து மனு. எல்லாம் கடைப் போனில், கடைக் கணினியில், யார் வேண்டுமானாலும் மவுஸைப் பிடிக்கிற இடத்தில். படங்கள் மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம். நோட்டையாவது டிராயரில் வைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் சைபர் கபேயில் நான் இதில் கெட்டிக்காரன். ஒவ்வொரு இரவும் கடை மூடும்போது பத்துக் கணினியையும் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மென்பொருள் போட்டிருந்தேன். யாஹூ மெசெஞ்சரில் யாராவது வெளியேறாமல் போனால் நானே வெளியேற்றுவேன், உள்ளே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. காரணம் எளிது: அன்று கணினி என்னுடையது, பயம் இருந்தது. போனை யாரும் கணினி என்று நினைப்பதில்லை, நானும்தான் நினைக்கவில்லை.


#20 பூஜ்யம்ஒன்று

அண்ணே, இதை நீங்களே கண்டுபிடித்தீர்களே, அதற்கு ஒரு சலாம்.

புலனத்தில் மறையும் செய்தியை 24 மணி நேரம் என்று வைக்கலாம். ஆனால் கேலரியில் தானாகச் சேமித்த படம் அதனால் போகாது. தானாகச் சேமிப்பதை முதலில் நிறுத்துங்கள், பழையதைக் கையால் அழியுங்கள், குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். பெரிய பிரதி இயந்திரமானால் உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கலாம், எடுத்த பிரதிகள் அதில் தங்கலாம். இயந்திரத்தை விற்கும் நாளில் அதைத் துடைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஐசி பிரதி எடுக்க வருபவர்களிடம் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக என்று நடுவில் எழுதச் சொல்லுங்கள். நம் ஆட்கள் பழைய காலத்திலிருந்து செய்த பழக்கம்தான், புகைப்படமாக அனுப்ப ஆரம்பித்ததும் விட்டுவிட்டோம்.


#21 நெறியாளர்

நண்பர்களே, இழை நன்றாகப் போகிறது. ஒரே வேண்டுகோள்: ‘என் பாஸ்வேர்டு இப்படி இருந்தது’ என்று உண்மையானதை எழுதாதீர்கள். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இரண்டிலும் முருகன் இருந்தார்.


#22 கடைசிலயம்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை, மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது.

மீட்பு எண்ணில் 61ல் 44 மாற்றியாயிற்று. மீதியில் சிலர் கோலாலம்பூர் போய்விட்டார்கள், சிலரைக் காணவில்லை. அந்த மலாய்ப் பெண்மணிக்குத் தீபாவளிப் பலகாரம் அனுப்பலாம் என்று இருக்கிறேன், இவ்வளவு வருடம் அழித்ததற்குச் சம்பளமாக.

நோட்டைப் பக்கம் பக்கமாக வெட்டுகிறேன். ஆள் வந்தால் கடை உள்ளே உட்கார வைத்து, அவர் கையாலேயே புதிய பாஸ்வேர்டு தட்ட வைத்து, அவர் கையாலேயே தாளில் எழுத வைத்து, பழைய சீட்டையும் கையில் கொடுத்து அனுப்புகிறேன். எழுதத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டிவரச் சொல்கிறேன், நான் எழுதுவதில்லை. ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. வியாபாரம் படுத்துவிட்டது. என் மனைவி, சைபர் கபேக்கு மணிக்கு இரண்டு வெள்ளி வாங்கின ஆள் இப்போது சும்மா செய்கிறாரே என்கிறாள்.

சிலருக்குக் கோபம். “ஏன்டா, என்னை நம்பலையா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். உங்களை இல்லை ஐயா, என்னை நம்பாதீர்கள் என்றேன். கிராணி ஐயாவின் இரும்புப் பெட்டி ஞாபகம் வந்தது.

காலமான 19 பேரின் பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. ஒருவருடைய மகள் வந்து, அப்பாவின் மின்னஞ்சலைத் திறக்க முடியுமா என்று கேட்டார். முயன்றோம், கணக்கே இல்லை. 2003ல் லாரி டிரைவர் வேலைக்கு விண்ணப்பிக்கத் திறந்தது. பக்கத்தை வெட்டிக் கொடுத்தேன். அது என் கையெழுத்து இல்லை, அவரே எழுதியது. மடித்து ஐசி உறைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அப்புறம், முதல் பதிவில் சொன்ன அத்தை. டீச்சர் சொன்னபடி அகராதியைத் திறந்து நான்கு வார்த்தை அவரே எடுத்தார். பயங்கர சந்தோஷம். மறுநாள் காலை பத்து மணிக்கு, கடையில் ஆறு பேர் வரிசையில் நிற்கும்போது வாசலில் நின்றுகொண்டு சத்தமாகக் கேட்டார்: “ஐயா, நாலு வார்த்தையும் சரியான்னு பாரு,” என்று ஆரம்பித்து நான்கையும் சொல்லிவிட்டார். மறுபடி உட்கார வைத்து மாற்றினோம்.


#23 இரவு_ஷிப்ட்

அண்ணே, அந்தப் பழைய நான்கு வார்த்தை என்ன? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.


#24 கடைசிலயம்

போடா.